குறைந்த விலை பிராசசர்: எதை வாங்குவது, எதை முடுக்குவது?

“ஐ3-12100எஃப் வாங்கட்டுமா? ரைசன் 5 5500 வாங்கி ஓவர்கிளாக் செய்துகொள்ளட்டுமா? இல்லை, கொஞ்சம் கூடப் போட்டு 5600 வாங்கிவிடட்டுமா? கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது பணமில்லை, 5600ஜி எடுத்தால் ஒப்பேற்றிவிடலாமா?”

சில வருடங்களாக என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்கு பிராசசர்களுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஐ3 இன்டெலின் சில்லு; 5500, 5600, 5600ஜி மூன்றும் ஏஎம்டியின் ரைசன் சில்லுகள். கேட்பவர் கல்லூரி மாணவராக இருப்பார். அல்லது முதல் வேலையில் சேர்ந்து, மூன்று நான்கு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவராக இருப்பார். அது எண்ணி வைத்த பணம். ஒரு பாகத்தைத் தவறாக வாங்கிவிட்டால் அதைச் சரிசெய்ய இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் இதை அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்கிளாக் செய்வதற்கென்றே (குறித்த வேகத்துக்கு மேல் சில்லை முடுக்குவதற்கென்றே) தனியாகப் பணம் போடத் தகுந்த சில்லு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கைக்காசு செலவழிக்காமல், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) சில எண்களை மாற்றினாலே கண்ணுக்குத் தெரியும் பலன் தருவது ஒன்று இருக்கிறது. அது 5600ஜி.

## அந்தக் காலத்து ஐம்பது சதவீதம்

மலிவான சில்லை வாங்கி விலை உயர்ந்த சில்லின் வேகத்துக்கு ஏற்றலாம் என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு. அதன் பெருக்கெண் (போர்டின் அடிப்படைக் கடிகாரமான பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் அதே சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரே மாற்றத்தில் ஐம்பது சதவீதம்! பிறகு 2014-இல், பெண்டியம் என்ற பெயருக்கு 20 வயதானதையொட்டி, பெருக்கெண் பூட்டு இல்லாத ஜி3258 வந்தது. இரண்டே கோர்தான். அதையும் வாங்கி 3.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து நான்குக்கு மேல் ஏற்றியவர்கள் ஏராளம்.

அன்று தயாரிப்பாளர்கள் சில்லுக்குள் நிறைய இடைவெளி விட்டு விற்றார்கள். அந்த இடைவெளியை நாம் எடுத்துக்கொண்டோம். இன்றைய சில்லு தன் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் அளந்துகொண்டு, இடமிருக்கும்வரை தானே ஏறிவிடுகிறது. ரைசன் 5 5600-இன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், நாம் எதையும் தொடாமலே அது 4.4 வரை போகிறது. அதற்கு மேல் பயாஸ் தரும் உச்ச சலுகை 200 மெகாஹெர்ட்ஸ். 4.4 என்பது 4.6 ஆனால் கூடுதல் நாலரை சதவீதம். விளையாட்டில் நொடிக்கு 60 பிரேம் வந்துகொண்டிருந்தால், எல்லாம் கூடிவந்தால் 62 அல்லது 63 வரும். கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் அதுவும் வராது.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா, ஆறு மாதத்துக்குள் வாங்குவது உறுதியா என்பது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். “பிறகு வாங்கிக்கொள்ளலாம்” என்று நினைத்து, உள்ளே கிராபிக்ஸ் இல்லாத சில்லை வாங்கி, திரையில் எதுவும் வராமல் நின்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மொத்தச் செலவு. சில்லின் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது. அதற்கேற்ற போர்டு, ரேம், கூலர் எல்லாம் சேர்த்துக் கூட்டிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, முடுக்கினால் உண்மையில் என்ன கிடைக்கும். நான்காவது நம் ஊர் வெயில். இதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவது, மூன்று வருடம் கழித்துச் சில்லை மட்டும் மாற்றி அதே கணினியைத் தொடர முடியுமா என்பது. கீழே அட்டவணையில் கோர் என்பது சில்லுக்குள் உள்ள தனி வேலை அலகு; திரெட் அது ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை வரிசை; கேஷ் சில்லுக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்; பிசிஐஇ கிராபிக்ஸ் கார்டு இணையும் பாதை; சாக்கெட் போர்டில் சில்லு பொருந்தும் இடம்.

| விவரம் | கோர் ஐ3-12100எஃப் | ரைசன் 5 5500 | ரைசன் 5 5600 | ரைசன் 5 5600ஜி |
|---|---|---|---|---|
| கோர் / திரெட் | 4 / 8 | 6 / 12 | 6 / 12 | 6 / 12 |
| அடிப்படை – உச்ச வேகம் (கிகாஹெர்ட்ஸ்) | 3.3 – 4.3 | 3.6 – 4.2 | 3.5 – 4.4 | 3.9 – 4.4 |
| எல்3 கேஷ் (எம்பி) | 12 | 16 | 32 | 16 |
| பிசிஐஇ தலைமுறை | 5.0 | 3.0 | 4.0 | 3.0 |
| உள்ளமைந்த கிராபிக்ஸ் | இல்லை | இல்லை | இல்லை | வேகா 7 |
| பெருக்கெண் | பூட்டியது | திறந்தது | திறந்தது | திறந்தது |
| சாக்கெட் | எல்ஜிஏ1700 | ஏஎம்4 | ஏஎம்4 | ஏஎம்4 |
| குறிக்கப்பட்ட மின்திறன் (வாட்) | 58 (உச்சம் 89) | 65 | 65 | 65 |
| கடைகளுக்கு வந்தது | 2022 ஜனவரி | 2022 ஏப்ரல் | 2022 ஏப்ரல் | 2021 ஆகஸ்ட் |
| அறிமுக விலை (டாலர்) | 97 | 159 | 199 | 259 |

டாலர் விலைகள் அமெரிக்காவில் இவை அறிமுகமானபோது இருந்தவை. இன்று சென்னை ரிச்சி தெருவில் சொல்லும் விலை வேறு; நான்குக்கும் இடையே இருந்த தூரமும் அப்போதைக்கு இப்போது நிறையச் சுருங்கிவிட்டது. ஆகவே கடையில் அன்றைய விலையைக் கேட்டு, கடைசி வரிசையை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

## கோர் ஐ3-12100எஃப்

நான்கு கோர்தானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கோரின் வேகத்தை மட்டும் பார்த்தால் மற்ற மூன்றுக்கும் இது இளைத்ததில்லை. 5500-ஐ விட வேகமாகவே இருக்கிறது. அலுவலக வேலை, நிரல் எழுதிப் பழகுதல், போட்டி விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இது தாராளம். சூடாவதும் குறைவு. பெட்டியில் வரும் கூலரே போதும்.

இதை ஓவர்கிளாக் செய்ய முடியுமா என்றால், சாதாரணமாக முடியாது. இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்து உள்ள சில்லும் ‘இசட்’ வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கெண்ணைத் தொடலாம். 2022 தொடக்கத்தில் ஒரு வழி வெளிப்பட்டது. தனிக் கடிகாரச் சில்லு பொருத்திய சில போர்டுகளில் அடிப்படைக் கடிகாரத்தையே உயர்த்தி, பூட்டிய 12100எஃப்-ஐ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இன்னமும் பலர் கேட்கிறார்கள். அந்த வசதியுள்ள போர்டுகள் மிகச் சிலவே. அவற்றின் விலை இந்தச் சில்லுக்குப் பொருந்தாத விலை. பயாஸைப் புதுப்பித்தால் வசதி போய்விடவும் கூடும். இன்டெல் இதை ஆதரிக்கவும் இல்லை. அந்தப் போர்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஐ5-12400எஃப் மீது போட்டால், எந்தப் போராட்டமும் இல்லாமல் ஆறு கோரும் 18 எம்பி கேஷும் கிடைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை இரண்டு. எச்610 போர்டு மலிவு; ஆனால் அதில் டிடிஆர்4 ரேம் 3200-ஐத் தாண்டாது. 3600 ரேம் வாங்கி அதில் செருகினால் கூடக் கொடுத்த பணம் வீண். இன்னொன்று, பெயரின் கடைசியில் உள்ள ‘எஃப்’. உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அதற்குப் பொருள். கிராபிக்ஸ் கார்டு பழுதாகிச் சர்வீசுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை கணினி மேசை மேல் சும்மா கிடக்கும். ஒரே கணினியை நம்பிப் படிப்பவரோ வேலை செய்பவரோ ‘எஃப்’ இல்லாத 12100-ஐப் பார்ப்பது நல்லது. அதில் யுஎச்டி 730 கிராபிக்ஸ் உண்டு.

## ரைசன் 5 5500

“5500-ஐ ஓவர்கிளாக் செய்தால் 5600 ஆகிவிடும்” என்று கடைகளிலேயே சொல்கிறார்கள். ஆகாது. 5500 உண்மையில் கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்ட 5600ஜி-தான். 5600-இன் தம்பி இல்லை. அதன் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32. மெகாஹெர்ட்ஸைக் கூட்டலாம், கேஷைக் கூட்ட முடியாது. விளையாட்டுகளில் இந்தக் கேஷ்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சில்லை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும் அந்தப் பாதி கேஷின் குறை அப்படியே இருக்கும்.

அதைவிட மறைவான செலவு பிசிஐஇ 3.0. மலிவான கிராபிக்ஸ் கார்டுகளில் தரவு போகும் பிசிஐஇ தடங்களைக் குறைத்துவிடுகிறார்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றில் எட்டுத் தடங்கள்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 ஆகியவற்றில் வெறும் நான்கு. 4.0 வேகத்தில் நான்கு தடம் சமாளிக்கும். 3.0-க்கு இறங்கும்போது அகலம் பாதியாகிவிடுகிறது. கார்டின் நினைவகம் நிரம்பும் தருணங்களில் படம் திக்கித் திக்கி நகர்கிறது. மலிவான பிராசசரோடு மலிவான கார்டைச் சேர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த அடி அதிகம் விழுகிறது.

இது பொருந்தும் இடமும் உண்டு. ஏற்கெனவே வீட்டில் பழைய பி450 போர்டும் ரைசன் 3 1200 போன்ற சில்லும் இருந்து, வீடியோ வெட்டுதல், நிரல் கம்பைல் செய்தல் போன்ற ஆறு கோர் வேலைகளுக்குச் செலவில்லாமல் முன்னேற வேண்டும் என்றால் 5500 நல்ல மாற்று. பி450-இல் எந்தச் சில்லைப் போட்டாலும் பிசிஐஇ 3.0-தான் என்பதால் அந்தக் குறை அங்கே குறையாகாது.

## ரைசன் 5 5600

தனி கிராபிக்ஸ் கார்டு உறுதி என்றால் இந்த நான்கில் நான் முதலில் கை நீட்டுவது இதன் மேல்தான். ஆறு கோர், 32 எம்பி கேஷ், பிசிஐஇ 4.0, பெட்டியிலேயே கூலர். ஓவர்கிளாக் செய்ய அனுமதியும் இருக்கிறது. அந்த அனுமதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள்.

பழைய பாணியில் எல்லா கோர்களையும் 4.6 என்று ஒரே வேகத்தில் பூட்டி, மின்னழுத்தத்தைக் கூட்டுவது ஒரு வழி. இதை நான் பரிந்துரைப்பதில்லை. சில்லு செலவழிக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் கூடுகிறது. வேகத்தை 5 சதவீதம் ஏற்ற மின்னழுத்தத்தை 8 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், 1.05 × 1.08 × 1.08 என்று பெருக்கிப் பாருங்கள்: 22 சதவீதம் கூடுதல் வெப்பம். கிடைப்பது ஐந்து, கொடுப்பது இருபத்திரண்டு.

இன்னொரு வழி நேரெதிரானது. பயாஸில், சில்லு தானே ஏறும் எல்லையை மாற்றும் பிபிஓ பகுதிக்குள் ‘கர்வ் ஆப்டிமைசர்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தரப்படும் மின்னழுத்தத்தைச் சிறு படிகளாகக் குறைக்கலாம். ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மின்னழுத்தம் குறைய வெப்பம் குறைகிறது. வெப்பம் குறைந்த இடத்தைச் சில்லு வேகமாக மாற்றிக்கொள்கிறது. கூலர் வாங்க வேண்டாம், மின்கட்டணம் ஏறாது. நம் ஊருக்கு ஏற்ற முடுக்கல் இதுதான்.

ஆனால் பொறுமை வேண்டும். என் 5600-இல் எல்லா கோர்களுக்கும் ஒரேயடியாக மைனஸ் 30 கொடுத்தேன். சில்லுக்கு முழுச் சுமை தரும் சோதனை நிரல்களான சினிபெஞ்ச் அரை மணி நேரம் சுழன்றது, பிரைம்95 ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு, வேறெதுவும் ஓடாமல், ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை சட்டென்று கறுத்தது. கணினி தானே மீண்டும் தொடங்கியது. சேமிக்காத ஒரு பக்கம் போய்விட்டது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், டபிள்யூஹெச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18. கீழே ‘பிராசசர் ஏபிக் ஐடி: 6’ என்று ஒரு வரி. ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் ஆறை இரண்டால் வகுத்தேன். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 3-ஆம் கோர். அதுதான் பலவீனமானது.

முழுச் சுமையில் விழாதது ஏன் கடிதம் எழுதும்போது விழுந்தது? எல்லா கோர்களும் வேலை செய்யும்போது வேகம் சற்று இறங்கியே இருக்கும். ஒரே ஒரு கோர் ஒரு கணம் விழித்து எழும்போதுதான் அது உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. குறைக்கப்பட்ட மின்னழுத்தம் போதாமல் போவது அந்தத் தாவலில்தான். அதனால் கர்வ் ஆப்டிமைசரைச் சோதிக்க, கோர் கோராகத் தனித்தனியே ஓட்டும் கோர்சைக்ளர் போன்ற கருவி வேண்டும். அந்த ஒரு கோரை மைனஸ் 15-க்கும் மற்றவற்றை மைனஸ் 25-க்கும் கொண்டுவந்து நிலைநிறுத்த எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நீங்கள் முதலிலேயே எல்லாவற்றுக்கும் மைனஸ் 10 என்று தொடங்கி, ஒரு வாரத்துக்கு ஐந்து படியாக இறங்குங்கள். தேர்வு, புராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலங்களில் இதைத் தொடவே வேண்டாம்.

ரேமைப் பொறுத்தவரை 5600-க்கு 3600 வேகம் பொருத்தமானது. சில்லின் உள்ளிணைப்பு 1800 மெகாஹெர்ட்ஸில் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்து ஓடும். 4000 ரேம் வாங்கிப் போட்டால் அந்த இணை பெரும்பாலும் பிரிந்து, தாமதம்தான் கூடும். பி450 போர்டில் 5600-ஐப் போட்டால் பிசிஐஇ 4.0 கிடைக்காது என்பதையும் மறக்காதீர்கள். கடையில் நெடுநாள் கிடந்த போர்டு என்றால், பழைய பயாஸ் இந்தச் சில்லை அடையாளம் காணாமல் போகலாம். அங்கேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

## ரைசன் 5 5600ஜி

என் அக்கா மகன் மதுரையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். “மாமா, புது மெஷின்தான், ஆனால் கேம் விட்டு விட்டு நிற்கிறது. ஓவர்கிளாக் செய்தால் சரியாகிவிடுமா?” அடுத்த முறை ஊருக்குப் போனபோது கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். நான்கு ரேம் இடங்களில் ஒன்றில் மட்டும் ஒரு 16 ஜிபி ஸ்டிக். சிபியு-இசட் என்ற நிரலைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தால் அதிர்வெண் 1066 என்று காட்டியது. டிடிஆர் என்பதால் அதை இரட்டிக்க வேண்டும்: 2133. ஸ்டிக்கரில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் ஸ்டிக்கர் வேகத்தில் ஓட்டும் அமைப்பை) யாரும் இயக்கவே இல்லை.

கணக்கு இப்படி. ஒரு ஸ்டிக் 2133-இல் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி தரவுதான் நகரும். இரண்டு ஸ்டிக் 3200-இல் ஓடினால் 51.2 ஜிபி. மூன்று மடங்கு. 5600ஜி-க்குத் தனி வீடியோ நினைவகம் கிடையாது. உள்ளிருக்கும் வேகா கிராபிக்ஸ் குடிப்பது இதே ரேம் தண்ணீரைத்தான். குழாய் ஒடுங்கியிருந்தால் பம்பை எவ்வளவு முடுக்கி என்ன பயன்?

கடையில் பேசி, அந்த ஒற்றை ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு, சிறிய தொகை கூடக் கட்டி இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினோம். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினோம். எக்ஸ்எம்பியை இயக்கினோம். பயாஸில் கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினோம். அதே கேம், அதே அமைப்பு. அவன் பத்து நிமிடம் பேசாமல் விளையாடினான். பிறகு “மாமா, இன்னும் ஏற்றலாமா?” என்றான்.

ஏற்றலாம். வேகா 7-இன் வேகம் 1900 மெகாஹெர்ட்ஸ். இதை ஐம்பது ஐம்பதாகக் கூட்டிக்கொண்டே போனால் பல சில்லுகள் 2200-இல் நிற்கின்றன; கடிகார அளவில் 15 சதவீதத்துக்கு மேல். ரேமை 3600-க்கு ஏற்ற முடிந்தால் தரவு அகலம் 57.6 ஜிபி ஆகிறது. 5600ஜி-யின் ரேம் கட்டுப்படுத்தி 5600-இல் இருப்பதைவிடத் திடமானது. 4000-ஐயும் ஒன்றுக்கு ஒன்று என்று பல சில்லுகள் தாங்குகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ரேமைத் தேர்ந்தெடுங்கள், கிராபிக்ஸ் கடிகாரம் பிறகு. மின்னழுத்தத்தில் கை வைப்பதாக இருந்தால், ரேம் கட்டுப்படுத்தி உள்ள பகுதியான எஸ்ஓசி 1.2 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். ஏ520 போர்டில் பிராசசர் கோர்களை முடுக்க வழியில்லாவிட்டாலும் ரேம் வேகத்தைக் கூட்டலாம். ஆகவே இதற்கு விலை உயர்ந்த போர்டு கட்டாயமில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால், இது 5500 போலவே 16 எம்பி கேஷும் பிசிஐஇ 3.0-உம் கொண்ட சில்லாகிவிடும். இரண்டு மாதத்தில் கார்டு வாங்குவது உறுதி என்றால் 5600ஜி தவறான தேர்வு. ஒன்றிரண்டு வருடம் கார்டு இல்லாமல்தான் ஓட்ட வேண்டும் என்றால் இதைவிட நல்லது இந்தப் பட்டியலில் இல்லை.

## முடுக்குவதன் பில்

ஓவர்கிளாக் இலவசம் என்பார்கள். எல்லா கோர்களையும் கட்டாயப்படுத்தி ஏற்றப் போகிறீர்கள் என்றால் மின்வழங்கும் பகுதியில் வெப்பத் தகடு பதித்த பி550 போர்டு வேண்டும்; பெட்டியில் வரும் சிறு கூலர் போதாது, டவர் கூலர் வேண்டும். இவை இரண்டுக்கும் கூடுதலாகும் தொகையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 5500-க்கும் 5600-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் முதல் எண்தான் பெரிதாக இருக்கிறது. அந்தப் பணத்தில் அடுத்த சில்லையே வாங்கிவிடலாம்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நடப்பவை. கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடச் சில்லைக் குளிர்விக்க முடியாது. 24 டிகிரி அறையில் 72 காட்டும் சில்லு, மே மாதம் ஓட்டு வீட்டு மாடியில் அறை 38-இல் இருக்கும்போது 86-ஐத் தொடும். 5600-இன் வெப்ப எல்லை 90 டிகிரி. டிசம்பரில் நிலைத்து நின்ற ஓவர்கிளாக் சித்திரையில் விழுவதற்குக் காரணம் இதுதான். சோதனையை வருடத்தின் சூடான வாரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவோர வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூலரின் தூசியைத் தூரிகையால் துடையுங்கள்; அந்தத் தூசி பல டிகிரி ஏற்றிவிடும்.

மின்கட்டணம் பெரிதாக இராது என்றாலும் பூஜ்யமல்ல. 40 வாட் கூடுதல், தினம் ஐந்து மணி நேரம், நம் இரண்டு மாதக் கணக்கில் அறுபது நாள்: 12 யூனிட். அடுத்த அடுக்குக்குத் தாவும் விளிம்பில் உள்ள வீட்டில் இது தெரியும்.

உத்தரவாதம் இதைவிட முக்கியம். பெட்டியில் வரும் இந்தச் சில்லுகளுக்கு மூன்று வருட உத்தரவாதம் உண்டு. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு அது பொருந்தாது என்று இரு நிறுவனங்களும் எழுதியே வைத்திருக்கின்றன. ஏஎம்டியில் பிபிஓ-வும் அதில் அடக்கம். மின்னழுத்தம் சில்லைத் தேய்க்கும் என்பது பயமுறுத்தும் பேச்சு அல்ல. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேல்நிலைச் சில்லுகள் நிலைகுலைந்ததற்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. தொழிற்சாலை அமைப்பிலேயே அப்படி நேர்ந்தது என்றால், நாம் கையால் 1.4 வோல்ட் கொடுத்து நாள் முழுவதும் ஓட்டுவது எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

## யாருக்கு எது

கார்டு இல்லை, வாங்கவும் நாளாகும்: 5600ஜி, இரண்டு ஸ்டிக் ரேம், ஏ520 அல்லது பி550. கையில் மிஞ்சுவது எதுவானாலும் ரேமில் போடுங்கள்.

கார்டு உண்டு, விளையாட்டோடு வீடியோ வேலையும் உண்டு: 5600, பி550. கர்வ் ஆப்டிமைசர் மட்டும்.

கார்டு உண்டு, ஆனால் பணம் மிக நெருக்கம், போட்டி விளையாட்டுகளும் படிப்பும்தான்: 12100எஃப், 3200 ரேம். எதையும் முடுக்க வேண்டாம். பின்னால் அதே சாக்கெட்டில் ஆறு, பத்து, பதினான்கு கோர் சில்லுகளுக்குப் போக வழியிருக்கிறது. எச்610-க்குப் பதிலாக பி660 அல்லது பி760 எடுத்தால் அந்த வழி அகலமாக இருக்கும்.

பழைய ஏஎம்4 போர்டு கையில் இருக்கிறது: 5500, அல்லது விலை நெருக்கமாக இருந்தால் 5600. ஏஎம்4-இன் மேல்படியான 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி சில்லுகளை நம்பித் திட்டமிடாதீர்கள். அவை இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது.

ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கே போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருப்பது பெரிய பலம். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் வேண்டும். 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. அதில் பொருந்தும் ரைசன் 5 7600-ஐ எட்ட முடிகிறவர் தயங்காமல் போகலாம். அதே சாக்கெட்டின் 8500ஜி-யைப் பொறுத்தவரை, கிராபிக்ஸ் கார்டுக்கு அதில் நான்கு தடங்கள் மட்டுமே இருக்கின்றன. பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் அதைத் தவிருங்கள்.

கடையில் நிற்கும்போது பெட்டியோடு வரும் சில்லா, பெட்டியில்லாத ‘ட்ரே’ சில்லா என்று கேளுங்கள். ட்ரே சில்லு சற்று மலிவாக இருக்கும். அதற்குக் கடைக்காரரின் வாக்குதான் உத்தரவாதம், கூலரும் தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் முத்திரையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, சில்லின் தலையில் பொறித்த பெயரைப் படித்துவிட்டு, பெட்டியில் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். போர்டில் சிமாஸை (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகத்தை) அழிக்கும் இரண்டு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று அப்போதே காட்டச் சொல்லுங்கள். முடுக்கும்போது திரை வராமல் நின்றுவிட்டால், மின்கம்பியைப் பிடுங்கி, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரு டிரைவர் முனையால் சில நொடிகள் இணைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.